கேட்டுத் தூக்குவோம்

(நமது பங்கின் பொன்விழா ஆண்டை முன்னிட்டு நடைபெற்ற அன்பியங்களின் பொதுக்கூட்டத்தில் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



பொன்விழா ஆண்டில் கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்குத் திருப்பயணம் போக வேண்டும் என்று அன்பியங்கள் எல்லாம் கூடி முடிவு செய்தபோது நாம் மகிழ்ந்தோம். அந்த மகிழ்ச்சி அடங்குவதற்குள் ஒரு கேள்வி நம் மனத்தில் முள்ளாய்த் தைத்தது. நம் பங்கில் சக்கர நாற்காலியில் இருக்கும் சகோதரர் இம்முறை நம்மோடு வருவாரா? வந்தால் அவரை எப்படிப் படகில் ஏற்றுவோம்? இந்தக் கேள்வியைப் பற்றியே இன்று பேச விழைகிறோம்.

நாம் உசிலம்பட்டிக்காரர்கள். நமக்கும் கடலுக்கும் வெகுதூரம். 58 கிராமக் கால்வாயில் தண்ணீர் வருமா வராதா என்று வைகை அணையைப் பார்த்தே பழகிய கண்கள் நம்முடையவை. கடலைக் காண வேண்டுமானால் மதுரைக்குப் போய், அங்கிருந்து மானாமதுரை, பரமக்குடி, இராமநாதபுரம் தாண்டி, பாம்பன் பாலம் கடந்து இராமேசுவரம் சேர வேண்டும். படகுக்கும் நமக்கும் பழக்கமில்லை. பழக்கமில்லாத இடத்தில் நல்ல மனம் மட்டும் போதாது என்பதை நாம் ஒருமுறை வேதனையோடு கற்றோம். அதை முதலில் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடற்கரை ஆலயத்துக்கு நாம் போயிருந்தோம். அந்தச் சகோதரரும் வந்திருந்தார். கட்டட வேலையில் சாரம் சரிந்து விழுந்து, முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழ் உணர்வும் அசைவும் இழந்தவர் அவர். மாலையில் எல்லாரும் மீன்பிடிப் படகில் ஒரு சுற்று போய் வரப் புறப்பட்டார்கள். "அவரையும் ஏத்துங்கப்பா" என்று சொன்னது நாம்தான். நம் இளைஞர்கள் நால்வர் ஓடிவந்தார்கள். நாற்காலியின் கைப்பிடிகளை இருவரும், கால் வைக்கும் தட்டுகளை இருவரும் பிடித்து ஒரே மூச்சில் தூக்கினார்கள். கைப்பிடி ஒன்று கழன்று வந்தது. நாற்காலி சரிந்தது. அவர் படகின் விளிம்பில் இடித்துக்கொண்டு உள்ளே விழுந்தார். பதறிப்போய்க் கேட்டோம். "ஒண்ணுமில்ல சாமி" என்று சிரித்தார். நாமும் நம்பிவிட்டோம். இரவு அவர் மனைவி செருப்பைக் கழற்றியபோதுதான் அதில் இரத்தம் தேங்கியிருந்தது தெரிந்தது. வலி தெரியாத கால் அன்றோ? அவருக்கே காயம் தெரியவில்லை. அது ஆற மூன்று மாதம் ஆயிற்று.

அவர் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டோம். அவர் சொன்னார்: "சாமி, தூக்குனது தப்பில்ல. தூக்குறதுக்கு முந்தி எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? அந்தக் கைப்பிடி கழலும்னு எனக்குத் தெரியும்."

அதற்குப்பின் பங்கிலிருந்து எங்கே பயணம் புறப்பட்டாலும் அவர் வருவதில்லை. நாமும் அழைப்பதில்லை. அவருடைய பாதுகாப்புக்காக என்று நமக்கு நாமே சொல்லிக்கொண்டோம். உண்மை என்னவென்றால், நம் வெட்கத்தை மறைக்க அவரை வீட்டில் இருத்தினோம்.

அன்பர்களே, கச்சத்தீவுத் திருவிழா தவக்காலத்தில், பெரும்பாலும் மார்ச் மாதத்தை ஒட்டி வருகிறது. 2025-ஆம் ஆண்டு மார்ச் 14, 15 தேதிகளில் நடந்தது. 1974-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் தீவு இலங்கைக்குச் சென்றது. ஆயினும் இந்தியத் திருப்பயணிகள் கடவுச்சீட்டும் விசாவும் இன்றிச் சென்று வரலாம் என்று அவ்வொப்பந்தமே கூறுகிறது. இராமேசுவரம் வேர்க்கோடு பங்கின் வழியாகப் பெயர் பதிவு செய்து, இராமேசுவரம் மீனவர்களின் விசைப்படகுகளிலும் நாட்டுப்படகுகளிலும் மக்கள் போகிறார்கள். 2024-இல் மீனவர்கள் தங்கள் தோழர்கள் சிறைப்பட்டதைக் கண்டித்துப் படகுகளை இயக்கவில்லை. ஆகையால் நம் கரையிலிருந்து போக முடியவில்லை. எந்த ஆண்டும் பயணம் உறுதியாகும் வரை உறுதியில்லை. ஆனால் பயணத்துக்கான பயிற்சியை இன்றே தொடங்கலாம்.

அந்தப் படகுகள் மீன் பிடிக்கச் செய்யப்பட்டவை. ஆட்களை ஏற்றச் செய்யப்பட்டவை அல்ல. படிக்கட்டு இல்லை, கைப்பிடிக் கம்பி இல்லை. தளத்தில் வலை இழுக்கும் இயந்திரமும், இரும்புக் கம்பியும், கயிறும், ஈரமும் இருக்கும். படகு ஒரு கணமும் அசையாமல் நிற்காது. பாக் நீரிணையில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் அதிகமில்லை என்றாலும், பக்கத்தில் இன்னொரு படகு போனால் போதும். அலை எழும்பும், துறைமேடைக்கும் படகுக்கும் நடுவில் இடைவெளி திறக்கும், மறுபடி மூடும். அந்த இடைவெளியில் கை அகப்பட்டால் நசுங்கும். தீவிலோ நிரந்தரத் துறைமுகம் இல்லை. திருவிழாவுக்கெனத் தற்காலிக இறங்குதுறை அமைக்கிறார்கள். ஆகவே ஏறுவதற்கு எவ்வளவு முன்னேற்பாடு வேண்டுமோ, இறங்குவதற்கும் அவ்வளவு வேண்டும்.

இனி, செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறோம். இவற்றில் பாதிக்கு மேல் அந்தச் சகோதரரே நமக்குச் சொல்லிக் கொடுத்தவை. மீதி, படகுக்காரர்களிடமும் மருத்துவப் பணியில் உள்ளவர்களிடமும் கேட்டு அறிந்தவை.

முதலாவது, கேளுங்கள். எத்தனை பேர் தூக்க வேண்டும், எங்கே பிடிக்க வேண்டும், எங்கே தொடக்கூடாது, எந்தப் பக்கம் சாய்ந்தால் விழுவார் என்பதெல்லாம் தினமும் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும் நாற்காலியிலிருந்து கட்டிலுக்கும் மாறுகிறவருக்குத் தெரியும். அவர் மனைவியிடமோ மகனிடமோ கேட்பது போதாது, அவரிடமே கேளுங்கள். "இன்று கடல் சரியில்லை, நான் ஏறவில்லை" என்று அவர் சொன்னால், வற்புறுத்தாமல் ஏற்றுக்கொள்ளுங்கள். பெயர் பதியும்போதே சக்கர நாற்காலி பயன்படுத்துகிறவர் என்று எழுதிக் கொடுத்து, இரு கரையிலும் அனுமதியும் உதவியும் உண்டா எனத் தெளிவாய் அறிய வேண்டும். துறைமேடையில் போய் நின்றுகொண்டு கேட்பது வீண்.

இரண்டாவது, படகை ஆயத்தம் செய்யுங்கள். படகின் அணியமும் பின்பக்கமும் ஆக இரு முனைகளும் துறையோடு இழுத்துக் கட்டப்பட வேண்டும். இடையில் பழைய டயர்கள் தொங்க வேண்டும். ஆள் ஏறி முடியும்வரை படகு நகரக்கூடாது. நடுவில் அவர் அமரும் இடத்தை முன்பே கழுவித் துடைத்து, கயிறுகளை ஒதுக்கி வைக்க வேண்டும்.

மூன்றாவது, மிதவைச் சட்டையைத் துறைமேடையிலேயே மாட்டிவிடுங்கள். தண்ணீரில் விழுந்தால் முகம் மேலே இருக்கும்படி மிதக்க வைக்கும் வகையாக அது இருக்கட்டும். 2011 கிறிஸ்துமஸ் நாளில் பழவேற்காட்டு ஏரியில் மீன்பிடிப் படகு கவிழ்ந்து 22 பேர் மாண்டதை நாம் மறக்கலாகாது. நடக்கிறவர், நடக்காதவர் என்று கடல் பார்ப்பதில்லை. எல்லாரும் மாட்ட வேண்டும்.

நான்காவது, ஆளும் நாற்காலியும் தனித்தனியே ஏறட்டும். அகலமான, ஓரம் கட்டிய பலகை இருந்து, சரிவும் குறைவாய் இருந்தால் நாற்காலியை உருட்டி ஏற்றலாம். கட்டடங்களில் ஓரடி உயரத்துக்குப் பன்னிரண்டடி நீளம் சாய்தளம் வேண்டும் என்பது கணக்கு. மீன்பிடித் துறையில் அந்த நீளத்துக்கு எங்கே போவது? செங்குத்தான பலகையில் உருட்டுவது விழுவதற்கு வழி. ஆகவே கெட்டியான கான்வாஸ் துணியில் பக்கத்துக்கு மூன்றாக ஆறு பட்டைப் பிடிகள் தைத்த விரிப்பு ஒன்று செய்யச் சொல்லியிருக்கிறோம். நம் ஊர்த் தையற்காரரே தைத்துத் தருகிறார். அவருடைய எடையைப்போல் ஒன்றரை மடங்கு நெல் மூட்டையை அதில் வைத்துத் தூக்கிப் பார்த்த பிறகே மனிதரை அமர்த்துவோம்.

ஏறும் முறை இது. நாற்காலியைப் படகுக்கு இணையாக நிறுத்தி, தடையைப் போட்டு, அதற்கு மேலும் ஒருவர் நாற்காலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். விரிப்பை அவருக்கு அடியில் இட வேண்டும். சிலர் முன்னதாகப் படகில் இறங்கி நிற்க வேண்டும், சிலர் மேடையில். ஒரு கால் மேடையிலும் ஒரு கால் படகிலும் வைத்து எவரும் நிற்கலாகாது. அலையைப் பார்க்கத் தெரிந்த படகோட்டியே குரல் கொடுக்கட்டும். வேறு எவரும் பேச வேண்டாம். படகின் விளிம்பும் மேடையும் சமமாகி அடங்கும் வேளையில் அவர் சொல்ல, மேடையில் இருப்பவர்கள் முழங்காலை மடக்கித் தூக்கி, முன்பிடிகளை முதலில் படகிலிருப்போர் கையில் கொடுத்து, அவர்கள் பிடித்தோம் என்று சொன்ன பின்பே கையை விட வேண்டும். பிறகு பின்பிடிகள். அவசரம் வேண்டாம். ஓர் அலையைத் தவறவிட்டால் அடுத்த அலை வரும்.

அதன்பின் நாற்காலியை மடித்து ஏற்றலாம். சாதாரண இரும்பு நாற்காலி இருபது கிலோவுக்குள் இருக்கும், ஒருவரே தூக்கலாம். தூக்கும்போது கழலும் உறுப்புகளில் கை வைக்காமல் நிலையான சட்டத்தைப் பிடிக்க வேண்டும். இதை நாம் எப்படிக் கற்றோம் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஐந்தாவது, படகில் அவர் தாழ்வாக, நடுவில், முதுகுக்குச் சாய்மானத்தோடு அமரட்டும். நாற்காலியிலேயே உயரமாய் உட்கார வைத்தால் படகு ஆடும்போது அவரும் சாய்வார், நாற்காலியும் உருளும். நாற்காலியைப் படகோடு கட்டுங்கள்; மனிதரை நாற்காலியோடு ஒருநாளும் கட்டாதீர்கள். படகு கவிழ்ந்தால் அந்தக் கட்டு அவரை நீருக்குள் இழுத்துவிடும். மற்றவர்கள் ஓரிடத்தில் குவியாமல் இருக்க வேண்டும். நம் ஊர் வழியே போகிற குமுளிச் சாலையின் முடிவில், தேக்கடி ஏரியில், 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். விலங்குகளைக் காணப் பயணிகள் ஒரே பக்கம் சாய்ந்ததும் அதற்கு ஒரு காரணமாகச் சொல்லப்பட்டது.

ஆறாவது, வலி தெரியாத உடலுக்கு நாம் கண்ணாக இருக்க வேண்டும். இயந்திரத்தின் சூடும், வெயிலில் காய்ந்த இரும்பும் அவர் காலைச் சுட்டால் அவருக்குத் தெரியாது. ஒரே இடத்தில் அழுத்தமாய் அமர்ந்தால் புண் வரும். ஆகையால் அவருடைய மெத்தையை நாற்காலியோடு கட்டி வைக்காமல் அவருக்கு அடியிலேயே போடுங்கள். கால் மணிக்கு ஒருமுறை உடம்பை அசைத்துக்கொள்ள உதவுங்கள். இறங்கியதும் பாதங்களைப் பாருங்கள்.

ஏழாவது, சொல்லக் கூசும் ஒன்று. ஆனால் சொல்ல வேண்டியது. படகில் கழிப்பிடம் இல்லை. இதை எண்ணியே பலர், குறிப்பாகப் பெண்கள், முந்தின நாள் முதல் தண்ணீர் குடிக்காமல் வாடுகிறார்கள். சிறுநீர்ப் பை பயன்படுத்துகிறவர்களுக்கு இது உடலைக் கெடுக்கும் வழி. மறைப்புக்கு ஒரு திரைத்துணியும், உதவிக்கு அவரே தேர்ந்தெடுக்கும் ஆளும் வேண்டும். தீவில் குடிநீர் கிடையாது. கையோடு கொண்டு போக வேண்டும்.

அன்பர்களே, இவ்வளவு தொல்லை எதற்கு, அவருக்காக வீட்டிலிருந்தே செபிக்கச் சொல்லலாமே என்று சிலர் எண்ணக்கூடும். உலகம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். கேரளத்தில் 2023 ஏப்ரலில் தொடங்கிய கொச்சி வாட்டர் மெட்ரோவில் துறைகளே மிதவைகளாய் அமைந்திருக்கின்றன. நீர் ஏறினாலும் இறங்கினாலும் துறையும் படகின் தளமும் சமமாகவே நிற்பதால், சக்கர நாற்காலியில் இருப்பவர் எவர் தோளும் இன்றித் தாமே உருட்டிக்கொண்டு படகுக்குள் போகிறார். சென்னை மெரினாவில் மணலைத் தாண்டிக் கடலருகே போக 263 மீட்டர் நீள மரப்பாதை 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. அடுத்த மாதமே மாண்டஸ் புயல் அதைச் சேதப்படுத்தியது. உடைந்தது உடைந்தபடி போகட்டும் என்று விடாமல் மறுபடி சீராக்கினார்கள். பிள்ளைப் பருவத்துக்குப் பின் முதன்முறையாக அலையில் கால் நனைத்தவர்கள் அங்கே உண்டு. போக்குவரத்திலும் பொது இடங்களிலும் தடையின்றிச் செல்வது உரிமை என்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுகிறது. நாம் சலுகை செய்வதாக எண்ணிக்கொண்டிருப்பது அவருடைய உரிமை.

தென்காசிக்கு அருகில் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கம் இருப்பதை உங்களில் பலர் அறிவீர்கள். அதை நிறுவிய திரு. எஸ். இராமகிருஷ்ணன் அவர்கள் கடற்படை அதிகாரியாக விரும்பியவர். 1975-இல் அதற்கான தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்தார். 1981-இல் ஆய்க்குடியில் சிறு அளவில் தொடங்கிய பணி இன்று எண்ணற்ற பிள்ளைகளை எழுந்து நிற்கச் செய்திருக்கிறது. 2020-இல் பத்மஸ்ரீ விருது அவரைத் தேடி வந்தது. கப்பலுக்குப் போக முடியாதவரை ஊர் மூலையில் உட்கார வைத்திருந்தால், அத்தனை பிள்ளைகளுக்கும் யார் இருந்திருப்பார்?

நற்செய்தியில் முடக்குவாதக்காரரை நால்வர் சுமந்து வந்ததை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். கூட்டத்தால் வாசல் அடைபட்டபோது கூரையைப் பிரித்து இறக்கினார்கள். அவர்கள் நம்பிக்கையைப் பற்றி நாமும் பலமுறை மறையுரை ஆற்றியிருக்கிறோம். அவர்களுடைய கைகளைப் பற்றி இதுவரை எண்ணியதில்லை. நான்கு முனையும் ஒரே அளவாய் இறங்கியிருக்க வேண்டும். ஒருவர் அவசரப்பட்டிருந்தால் படுத்திருந்தவர் உருண்டு தலைகீழாய் விழுந்திருப்பார். நால்வரும் ஒருவரையொருவர் பார்த்து, படுத்திருந்தவரையும் பார்த்துத்தான் இறக்கியிருப்பார்கள்.

தூக்கும் கலை நமக்குத் தெரியாததா? ஆண்டுதோறும் திருவிழாவில் சப்பரம் தூக்குகிறோம். ஒரே குரலுக்கு எல்லாத் தோளும் எழுகின்றன. பள்ளத்தில் முன்னவர் தாழ்ந்தால் பின்னவரும் தாழ்கிறார். சுரூபத்தின் மேல் சாத்திய மாலை ஆடாமல் கொண்டு வந்து சேர்க்கிறோம். அந்தச் சுரூபம் "இங்கே பிடிக்காதே, வலிக்கிறது" என்று சொல்லாது. மனிதர் சொல்வார். கேட்கும் காது ஒன்றைச் சேர்த்துக்கொண்டால், சப்பரம் தூக்கும் தோள்களே போதும்.

இந்தமுறை நாம் அவர் வீட்டுக்குப் போய், "வருகிறீர்களா?" என்று கேட்டோம். உடனே பதில் சொல்லவில்லை. ஒரு வாரம் கழித்து ஆள் அனுப்பினார். "பையன்கள முதல்ல எங்கிட்ட அனுப்புங்க சாமி. நான் சொல்லித்தர்றேன். அவங்க தூக்குறதப் பாத்துட்டு வர்றதா வேணாமான்னு சொல்றேன்" என்றார். நியாயமான பேச்சு. அன்று தூக்கிய நால்வரில் மூவர் இப்போது ஊரில் இருக்கிறார்கள். முதலில் போய் நின்றவர்களும் அவர்களே என்பதை மகிழ்ச்சியோடு தெரிவிக்கிறோம்.

வரும் ஞாயிறு திருப்பலிக்குப்பின் ஆலயத்தின் பின்புறம் பயிற்சி தொடங்குகிறது. நமக்குப் படகு இல்லை. மாடு அவிழ்த்த வண்டி ஒன்று இருக்கிறது. அதன் முன்பக்கத்தை இருவர் ஏற்றி இறக்கினால் அலையில் ஆடும் படகைப்போலவே ஆடும். திருவிழா மேடை நமக்குத் துறைமேடை. முதலில் நெல் மூட்டை, பிறகு நம் இளைஞர்களில் ஒருவர், பிறகு நாம். ஆம், நம்மையும் தூக்கிப் பாருங்கள். தூக்கப்படுகிறவருக்கு வயிறு எப்படிக் கலங்கும் என்று நாமும் அறிய வேண்டும். கடைசியாக, அவர் சம்மதித்தால், அவர். தாய்மார்களில் நால்வரும் பழகிக்கொண்டால் நம் பங்கின் சகோதரிகளுக்கும் உதவும்.

படகு புறப்படுமா, கடல் இடம் கொடுக்குமா என்பது இறைவன் கையில் இருக்கிறது. ஏற்றும் விதம் நம் கையில் இருக்கிறது. வண்டியின் அருகே அவர் நாற்காலியில் அமர்ந்து நம்மைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவர் முகத்தில் நம்பிக்கை வரும்வரை பழகுவோம்.

இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக. புனித அந்தோணியார் நமக்குத் துணை நிற்பாராக.